“சரி, ஆனா நிஜமா எந்த ஊரு?” – வெளிநாட்டில் நமக்கு நேர்ந்தவை

செங்காங் அக்கா

வெளிநாட்டில் யாராவது ஊர் கேட்டு, “சிங்கப்பூர்” என்று சொன்னால் அதோடு விடுகிறவர்கள் குறைவு. “சரி, ஆனா நிஜமா எந்த ஊரு?” என்று அடுத்த கேள்வி தயாராக இருக்கும். டாக்சி ஓட்டுநர் கேட்பார், ஓட்டல் வரவேற்பில் நிற்பவர் கேட்பார், ரயிலில் எதிரே உட்கார்ந்த பாட்டியும் கேட்பார். சிங்கப்பூர் என்றால் சீன முகம் என்று உலகத்துக்குப் பதிந்துவிட்டது.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. அடையாள அட்டையில் இனம் அச்சடித்திருக்கிறது. தாய்மொழிப் பாடத்துக்கு மணி அடித்தால் அவரவர் வகுப்புக்குப் பிரிந்து போய்ப் படித்தவர்கள் நாம். வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீடு வாங்கப் போனாலும் 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வரம்பு இல்லாவிட்டால் என் எதிர்வீட்டில் ஒரு மலாய் அம்மாவும் பக்கத்து வீட்டில் ஒரு தியோச்சூ சீனத் தாத்தாவும் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் சாங்கியில் விமானம் ஏறியதும் இந்தக் கட்டங்கள் எதுவும் செல்லாது. அங்கே நம்மை யார் என்னவாகப் பார்த்தார்கள், நாம் அவர்களை என்னவாகப் பார்த்தோம் என்று எழுதுங்களேன், பெயருக்குப் பதில் உங்கள் பேட்டைப் பெயர் போதும். பார்த்த இடங்களின் பட்டியல் வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கும்.

நானே தொடங்குகிறேன். வேலை விஷயமாக ஹோ சி மின் நகருக்குப் போயிருந்தேன், கூட என் அலுவலகத் தோழி. அவள் சீனர், தெம்பனிஸ்காரி. பென் தான் சந்தையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மாரியம்மன் கோவில். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிழைப்புக்காக அங்கே போன தமிழர்கள் கட்டியது. நம் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் கோபுரம் சின்னதாகத்தான் தெரியும். உள்ளே போனால் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு தமிழ் முகம்கூட இல்லை. எல்லோரும் வியட்நாமியர். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு பையன் வாசலில் நின்று கும்பிட்டான். அலுவலக உடையில் வந்த பெண்கள் ஊதுபத்தியை நெற்றிக்கு மேலே தூக்கிக் குனிந்தார்கள். அம்மனுக்கு இரண்டு பக்கமும் காவலுக்கு மதுரை வீரனும் பேச்சியம்மனும்.

கருவறைக்குப் பின்னால் ஒரு கல் சுவர் இருக்கிறது. அங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன். வருகிறவர்கள் இரண்டு உள்ளங்கைகளையும் கல்லில் ஊன்றி, நெற்றியையும் அதில் வைத்து, சுவரிடம் ரகசியம் சொல்வதுபோல் முணுமுணுக்கிறார்கள். அவசரமே இல்லை. ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்கிறார். நான் பிறந்ததிலிருந்து போகும் எந்தக் கோவிலிலும் இப்படிக் கும்பிட்டுப் பார்த்ததில்லை. நான் வேடிக்கை பார்ப்பதைக் கவனித்த ஒரு அம்மா, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், கையை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். மாரியம்மனை எப்படிக் கும்பிடுவது என்று எனக்கு!

“இன்னிக்கு நீதான் டூரிஸ்ட்” என்று தோழி சிரித்தாள். அவளுடைய அம்மா வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோவிலுக்குப் போய்விட்டுப் பக்கத்துக் கிருஷ்ணன் கோவில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றுகிறவர். லோயாங் துவா பெக் கோங் கோவிலில் பிள்ளையாருக்குத் தனிச் சன்னிதியே இருக்கிறது. “சீனர்கள்கூட நம்ம சாமியைக் கும்பிடறாங்க பாருங்க” என்று ஊரிலிருந்து வரும் உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லுவேன். அந்தக் கோவிலில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே அம்மனுக்குத் தினமும் பூ வாங்கி வருகிறவர்கள் அவர்கள்தான்.

புக்கிட் பாத்தோக்

சமர்கண்ட், உஸ்பெகிஸ்தான். சியோப் பாசாரில் ரொட்டி விற்கும் பாட்டி என்னைப் பார்த்ததும் “ஹிந்துஸ்தான்!” என்று கத்திவிட்டு ராஜ் கபூர் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். சோவியத் காலத்தில் அங்கே இந்திப் படங்கள் சக்கைப்போடு போட்டிருக்கின்றன. பேரனுக்குப் பேரன் வரைக்கும் பாட்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. சுற்றியிருந்த கடைக்காரர்கள் எல்லோரும் கைதட்ட, அடுத்த வரியை நான் பாடுவேன் என்று காத்திருக்கிறார்கள். எனக்கு இந்தியில் ஒரு வரியும் தெரியாது. ஆங்கிலத்தில் சிங்கப்பூர், தமிழ் என்று விளக்கப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் தெரிந்த ஒரு பழைய தமிழ்ப் பாட்டைப் பாடிவிட்டேன். அவர்களுக்கு அதுவும் ஹிந்துஸ்தான்தான். ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார் பாட்டி.

இதை யாரும் இனவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் தோலைப் பார்த்து இத்தனை பேர் சந்தோஷப்பட்டது எனக்கு வாழ்க்கையில் புதிது.

பழைய செம்பவாங்

தங்கச்சி, நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். தளத்தை ஒட்டிய கம்பத்தில்தான் வளர்ந்தேன். சுற்றிலும் ஹொக்கியன் பேசும் சீனர்கள், கொஞ்சம் தியோச்சூ. பட்டம் விடவும் கோலி ஆடவும் சண்டை போடவும் ஹொக்கியன் வேண்டும், அப்படியே வந்துவிட்டது. தேசிய சேவைக்குப் போனேன், பிளட்டூனில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வராது, அங்கேயும் ஹொக்கியன். பிறகு காய்கறி லாரி ஓட்டினேன், பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் அது இல்லாமல் ஒரு மூட்டையும் நகராது. இன்றைக்கும் கோப்பிக்கடையில் நான் வாய் திறந்தால் பழைய ஆட்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இளசுகள்தான் திரும்புகிறார்கள்.

எங்கள் புளோக்கில் ஒரு சீனத் தம்பதி, நாற்பது வருஷப் பழக்கம். பேரனையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுலாக் குழுவோடு சீனாவில் உள்ள சியாமென் போனார்கள். எங்களையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஹொக்கியன் பேசும் ஊருக்கு மூதாதையர் வீடு பார்க்கப் போவது அவர்கள், கூடவே ஒரு தமிழனும் அவன் பொண்டாட்டியும்.

சியாமெனில் இறங்கியதும் எனக்கு வேறு ஊருக்கு வந்த மாதிரியே இல்லை. சோங்சான் சாலை முழுக்க அஞ்சடி நடைபாதைகள், நம் சைனாடவுனிலும் தேக்காவிலும் இருக்கிற மாதிரியே தூண் வைத்து, மேலே வீடு, கீழே கடை. தென்கிழக்காசியாவுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள் திரும்பி வந்து கட்டியவை பல. சாப்பிடக் கொடுத்த நூடல்ஸின் குழம்பில் நிலக்கடலை வாசனை. நம் சாத்தே குழம்புதான், கடல் தாண்டிப் போய் அங்கே சாச்சா மீ ஆகியிருக்கிறது. பல்கலைக்கழகத்தைக் காட்டினார்கள். 1921-இல் அதை நிறுவியவர் டான் கா கீ என்ற வணிகர். சிங்கப்பூரில் ரப்பரிலும் அன்னாசியிலும் சம்பாதித்த காசு அது. டவுன்டவுன் லைனில் அவர் பேரில் ஒரு எம்ஆர்டி ரயில் நிலையம் இருப்பதைச் சொன்னேன், வழிகாட்டிப் பெண்ணுக்கே தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அங்கே எட்டாம் சந்தை என்று ஒரு பழைய ஈரச்சந்தை. மீன், சிப்பி, நண்டு, எல்லாம் உயிரோடு. ஒரு கிழவி காய்ந்த சிப்பி விற்றுக்கொண்டிருந்தார். என் நண்பர் மாண்டரினில் விலை கேட்டார். கிழவி சொன்ன விலை எனக்கே வயிறு எரிந்தது. பின்னால் நின்றபடி, “அம்மா, வெளியூர்க்காரன்னு நெனச்சு ஏத்திச் சொல்லாதீங்க, நாங்களும் சந்தை ஆளுங்கதான்” என்று ஹொக்கியனில் சொன்னேன். கிழவி என் நண்பரின் வாயைப் பார்த்தார். அது அசையவில்லை. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். திரும்பவும் பேசினேன். தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பக்கத்துக் கடை, எதிர்க்கடை எல்லாம் கூடிவிட்டது. இரண்டு பேர் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். “சொந்த ஊர் எது? அம்மா சீனரா? சிஞ்சியாங்கா?” ஒரு சின்னப் பையன் என் கையைத் தடவிப் பார்த்தான். அவன் அம்மா பதறிப்போய் இழுத்தாள். “வெயில்ல ரொம்ப நாள் லாரி ஓட்டினேன்” என்றேன். சந்தையே சிரித்தது. என் மனைவிக்குத்தான் கோபம், உன்னைக் குரங்கு மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று. அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பேசத் தெரிந்தவனுக்கும் தெரியாதவளுக்கும் அந்தக் கூட்டம் ஒரே மாதிரி தெரியாது.

கிழவி எங்களைக் கடைக்குள் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார். கட்டைவிரல் அளவு கிண்ணம், குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அவருடைய பெரியப்பா சிங்கப்பூருக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினாராம். சில காலம் காசு வந்ததாம், பிறகு கடிதமும் இல்லை. பெயரைச் சொல்லி, எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். என் நண்பர் பக்கத்தில் சீன முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். அந்தக் காலத்து மூட்டை தூக்குபவர்கள் ஆற்றோரம் எப்படி ஒரே அறையில் முறை வைத்துப் படுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதைச் சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்போது அவருடைய பேத்தி வந்தாள், கல்லூரியில் படிக்கிற பெண். பாட்டி ஹொக்கியனில் கேட்டதற்கெல்லாம் மாண்டரினில் பதில். பாட்டி என்னைக் காட்டி ஏதோ திட்டினார், “இந்தக் கறுப்புத் தாத்தா பேசறார், நீ பேச மாட்டேங்கறே” என்பதுதான் சாரம். நண்பரின் பேரனும் அதே கேஸ். நம் ஊரில் 1979-இல் மாண்டரின் பேசும் இயக்கம் வந்தது, டிவியிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் ஹொக்கியன், கேண்டனீஸ் எல்லாம் போயின. நண்பர் வீட்டில் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் பாதி நாள் நான்தான் மொழிபெயர்ப்பாளன். அந்தக் கடையில் இரண்டு இளசுகளும் மாண்டரினில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நானும் கிழவியும் ஹொக்கியனில் சிப்பி விலையைப் பேசி முடித்தோம். குறைத்துத்தான் கொடுத்தார், ஆனால் பெரிதாகக் குறைக்கவில்லை. சந்தைக்காரி என்றால் அப்படித்தான்.

பொங்கோல் அப்பா

பெரியவரே, அருமை. எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி. நான் தமிழ், மனைவி சீனர். மகனின் பிறப்புப் பதிவில் சீனர்-இந்தியர் என்று இரண்டையும் போட்டோம், 2011 முதல் அப்படிப் பதிய முடியும்.

ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் உணவகத்துக்குப் போனோம். மனைவியையும் மகனையும் மேசைக்கு அழைத்துப் போன பணியாள், பின்னாலேயே வந்த என்னிடம் திரும்பி, “உங்களுக்கு எத்தனை பேருக்கு மேசை வேண்டும்?” என்று கேட்டார். பில் வரும்போது இரண்டாகப் பிரித்து வந்தது. அந்தப் பயணம் முழுக்க இதேதான். ஓட்டலில் இரண்டு அறைச்சாவி, ரயிலில் மூன்று பேரின் டிக்கெட்டும் என் கையில் இருப்பதைப் பார்த்துப் பரிசோதகரின் நெற்றிச் சுருக்கம். மரியாதைக் குறைவாக யாரும் பேசவில்லை. எங்களை ஒரு குடும்பமாக அவர்களால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். மனைவிக்கு முதல் நாள் சிரிப்பு, மூன்றாம் நாள் எரிச்சல்.

மகனுக்குத்தான் யோகம். பாங்காக்கில் அவனிடம் தாய் மொழியில் பேசினார்கள், பாலியில் இந்தோனேசிய மொழியில், மணிலாவில் தகலோக்கில். ஆசியாவில் போகிற ஊரெல்லாம் அவனைத் தங்கள் பிள்ளை என்கிறது. அவனும் தலையை ஆட்டிவிட்டு உள்ளூர் விலைக்கு வாங்கி வருகிறான். பக்கத்தில் நான் போய் நின்றால் விலை ஏறிவிடும் என்று என்னைக் கடைக்கு வெளியே நிறுத்துகிறான், ராஸ்கல்.

ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர்களை மட்டும் பேசிப் பயனில்லை. கல்யாணமான புதிதில் இங்கே வாடகைக்கு வீடு தேடினோம். மனைவி தொலைபேசியில் பேசினால் வீடு காலி. நான் பேசினால், “சாரி, உரிமையாளருக்கு இந்தியர் வேண்டாம், சமையல் வாசனை” என்று பதில். அதே வீடு, அதே நாள். பிறகு மனைவி மட்டும் போய்ச் சாவி வாங்கினாள்.

ஜூரோங் வெஸ்ட்

வாடகை விஷயம் எங்கள் வீட்டிலும் நடந்தது, அதை விடுங்கள். நான் எழுத வந்தது டர்பனைப் பற்றி.

தென்னாப்பிரிக்காவில் வனவிலங்கு பார்க்கப் போனோம், நடுவில் டர்பனில் தங்கினோம். எங்களைச் சுற்றிக் காட்டியவரின் குடும்பப் பெயர் கோவெண்டர். அங்கே நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவெண்டர் என்று கடைப்பலகை முழுக்க நம் பெயர்கள்தான். 1860 நவம்பரில் மதராசிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு. அவருடைய முன்னோர் அப்படிப் போனவர்கள். தமிழ் பேச வராது. ஆனால் காவடி எடுப்பார், தேவாரம் பாடுவார், ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து. சூலு மொழி சரளமாக வருகிறது. பெட்ரோல் போடுகிறவரிடம் சூலுவில் கேலி பேசிக்கொண்டே கையில் விபூதி டப்பாவை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். ரொட்டியைப் பாதியாக வெட்டி, நடுவைக் குடைந்து, ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றித் தருகிற பனி சௌ வாங்கித் தந்தார். கரண்டி கேட்டதற்கு முறைத்தார்.

பிறகு ஒரு தெருவில் காரை நிறுத்தி, காலி மனை ஒன்றைக் காட்டினார். தாத்தா கட்டிய வீடு அங்கே இருந்ததாம். 1950-இல் வந்த இரண்டு சட்டங்களில் ஒன்று ஒவ்வொருவரையும் ஓர் இனமாகப் பதிவு செய்தது, இன்னொன்று எந்த இனம் எந்தப் பகுதியில் வாழலாம் என்று பிரித்தது. அந்தப் பகுதி வெள்ளையருக்கு என்று அறிவித்ததும் குடும்பத்தையே சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றிவிட்டார்கள்.

என் கணவர் சும்மா இருக்காமல், எங்கள் ஊரிலும் அடையாள அட்டையில் இனம் உண்டு, வீட்டுக்கும் இன வரம்பு உண்டு என்று சொல்லிவிட்டார். கோவெண்டர் காரை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “அதை நீங்கள் எதிர்க்கவில்லையா?” என்று கேட்டார்.

நான் விளக்கினேன். உங்கள் சட்டம் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனிப் பேட்டையில் அடைத்தது, எங்கள் வரம்பு ஓரினமே ஒரு பேட்டையில் குவியாமல் பார்க்கிறது, 1964 கலவரத்தை அனுபவித்த ஊர் எங்களுடையது, அதனால்தான் பள்ளியில் வருஷா வருஷம் ஜூலை 21-இல் இன நல்லிணக்க நாள் கொண்டாடுகிறோம் என்றெல்லாம். நான் சொன்னது சரிதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் சிறுபான்மைக்காரர் வீட்டை விற்கப் போகும்போது வரம்பு நிரம்பிய புளோக்கில் வாங்க ஆள் குறைந்து, விலையும் குறைகிறது என்பது எனக்குத் தெரியும், என் அண்ணனுக்கு நேர்ந்தது. அதை நான் சொல்லவில்லை. அவரும் கடைசிவரை சமாதானமாகவில்லை. “படிவத்தில் கட்டம் போட்டுவிட்டால் அதை யார் எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது” என்றார். எங்கள் படிவங்களிலும் இன்னும் அந்தக் கட்டம் இருக்கிறது, இப்போது வேறு காரணத்துக்காக, என்றும் சேர்த்துக்கொண்டார்.

மாலை கோவில் வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே அவருடைய அத்தை என்னிடம் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி: “சிங்கப்பூரில் காவடிக்கு மேளம் உண்டா?”

தேக்கா ஞாயிறு

எல்லோரும் வெளிநாடு போன கதை எழுதுகிறீர்கள். எனக்கு வெளிநாடே சிங்கப்பூர்தான். ஊர் அறந்தாங்கி பக்கம், கட்டுமான வேலை. முதல்முறை எம்ஆர்டியில் ஏறியபோது அறிவிப்பு தமிழில் வந்தது. பக்கத்தில் நின்றவரிடம் “அண்ணே, தமிழ்!” என்றேன். அவர் தமிழர்தான், பார்த்தால் தெரிந்தது. ஆனால் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். “நிஜமா எந்த ஊரு” என்று உங்களைக் கேட்கிறார்களே, என்னைப் பார்த்ததும் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறார்கள், அதையும் எழுதத் தோன்றியது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விடுதியில் எங்கள் அறைக்கு எதிரறை வங்காளதேசத்துக்காரர்கள். நாங்கள் புளிக்குழம்பு வைத்தால் அவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், அவர்கள் கருவாடு வறுத்தால் நாங்கள் கதவைச் சாத்துவோம். நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன்னால் அவர்கள் எழுந்து சாப்பிடும் சத்தத்தில்தான் எனக்கு அலாரம். வேலையிடத்தில் மியன்மார், சீனா, தாய்லாந்து எல்லாம் உண்டு. காலையில் வேலை தொடங்கும் முன் பாதுகாப்புக் கூட்டம் நடக்கும், ஒருவர் ஆங்கிலத்தில் சொல்வார், ஒவ்வொரு கும்பலிலும் ஒருவர் தங்கள் மொழியில் திருப்பிச் சொல்வார். பாதி கையால்தான் புரியும்.

எங்கள் மேற்பார்வையாளர் மலேசியச் சீனர். வந்த வாரம் நான் சாரத்தில் அவசரமாக ஏறினேன். கீழேயிருந்து, “டேய் தம்பி, இடுப்புப் பட்டை எங்கடா? உங்க ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது?” என்று சத்தம். எங்கள் ஊர்க்காரர் யாரோ என்று குனிந்து பார்த்தால் இவர். பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவராம், சின்ன வயதில் கூட விளையாடியதெல்லாம் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள். செம்பவாங் ஐயா கதையைப் படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது. தீபாவளிக்கு எங்களுக்கு முறுக்கு வாங்கிக் கொடுப்பார், கூடவே, “எங்க தோட்டத்து முறுக்கு வரைக்கும் வராது” என்று குறையும் சொல்வார்.

பழைய செம்பவாங்

தம்பி, அவரை ஒரு ஞாயிறு தேக்காவுக்குக் கூட்டிக்கொண்டு வா. நான் ஹொக்கியன் பேசுகிறேன், அவர் தமிழ் பேசட்டும். கோப்பி என் செலவு.

பிடோக் சவுத்

மேடான், சுமத்ரா. இங்கிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, நம் ஆட்கள் அதிகம் போவதில்லை. டெலி புகையிலைத் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கொண்டுபோன ஊர், 1884-இல் கட்டிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. நான் கத்தோலிக்கன், போனது அன்னை வேளாங்கண்ணி ஆலயத்துக்கு. 2005-இல் கட்டி முடித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கோவில் கோபுரமும் முகலாய மாளிகையும் சேர்ந்த மாதிரி அடுக்கடுக்காக நிற்கிறது. பூசை இந்தோனேசிய மொழியில். கூட்டத்தில் பாதிக்கு மேல் பாத்தாக் இனத்தவர். பாட்டு பாடினார்கள் பாருங்கள், நாலு குரலில், ஒத்திகையே வேண்டாம், பிறவியிலேயே அப்படி. பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் வேளாங்கண்ணி எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். “இங்கேதான்” என்றார்.

கிளமெண்டி

கடைசியில் நானும் ஒன்று. ஒவ்வொரு வருஷமும் தைப்பூசத்துக்கு வருடாந்திர விடுப்பில் ஒரு நாள் எடுக்க வேண்டியிருக்கிறது. 1968-இல் பொது விடுமுறைப் பட்டியலைக் குறைத்தபோது தைப்பூசம் போய்விட்டது, அன்றைக்கிலிருந்து இதே கதைதான். போன முறை எடுப்பதை நீளமாகவே எடுத்து மொரிஷியஸ் போனேன். அங்கே தைப்பூசக் காவடி பொது விடுமுறை. இனம், மதம் பார்க்காமல் மொத்த ஊருக்கும்.

அங்கத்தியத் தமிழர்கள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. பெயர் மட்டும் வீராசாமி, அருணாசலம் என்று வரும், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன, நோட்டை நீட்டியவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, நான் படித்துக் காட்டினேன். படிக்காவிட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 1998-இல் வந்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று தமிழர்கள் கொதித்தெழுந்ததில் அரசு அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது.

காவடி ஊர்வலத்தில் எல்லோரும் இளஞ்சிவப்பு உடை. நமக்கு மஞ்சள், அவர்களுக்கு அந்த நிறம். கரும்புக் காட்டுக்கு நடுவே ரோட்டில் இளஞ்சிவப்பாக வரிசை நகர்கிறது, கொதிக்கும் வெயில், போக்குவரத்தை நிறுத்திய போலீஸ்காரர் ஆப்பிரிக்க வம்சாவளிக்காரர், பால்குடம் எடுத்த கிழவிக்குத் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுக்கிறார். கோவிலில் வாழை இலையில் ஏழு வகைக் கறியோடு சாப்பாடு. எனக்கு இந்தப் பக்கம் ஒரு சீன-மொரிஷியக் குடும்பம், அந்தப் பக்கம் கிரியோல் பேசும் முஸ்லிம் தாத்தா, எதிரே பிரான்ஸிலிருந்து வந்த இரண்டு பேர். இலையில் சாப்பிடத் திணறியது அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் மட்டும்தான். முஸ்லிம் தாத்தா எனக்கு ஊர் கேட்டார். சிங்கப்பூர் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ரசத்தை இந்தப் பக்கம் தள்ளினார். அடுத்த கேள்வி வரவில்லை.

அடுத்த தைப்பூசத்துக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று மேலாளர் கேட்டார். “மொரிஷியஸில் அன்றைக்குப் பொது விடுமுறை” என்றேன். அவருக்கு இன்னும் புரியவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.